மாலுமியின் மனப்பாடமும் அச்சேறிய கடல்வழி நூலும்

மாலுமி என்பதைத் தமிழ்ச்சொல் என்றே நம் பிள்ளைகள் பள்ளியில் படித்து வருகிறார்கள். அது ‘முஅல்லிம்’ என்னும் அரபுச் சொல்லின் வழிவந்தது. முஅல்லிம் என்றால் கற்பிப்பவர். மத்ரஸாவில் ஓதிக்கொடுப்பவருக்கும் அந்தப் பெயர்தான், கப்பலுக்கு வழி சொல்பவருக்கும் அந்தப் பெயர்தான். மலாய்க்காரர்கள் அதே ஆளை ‘மாலிம்’ என்றார்கள். சுக்கான் என்பதும் அரபிலிருந்து வந்தது. நங்கூரமும் நகுதாவும் பாரசீகத்திலிருந்து வந்தவை. நம் முன்னோர் கடலில் யார் யாரோடு தொழில் செய்தார்கள் என்பதை அறிய இந்த நான்கு சொற்களே போதும்.

இந்தப் பொன்விழா மலரில் சங்கம் பிறந்த கதையையும் வளர்ந்த கதையையும் மற்றவர்கள் எழுதியிருக்கிறார்கள். எங்கள் பங்குக்கு, சங்கம் பிறப்பதற்கு வெகுகாலம் முந்திய ஒன்றை எழுத எடுத்துக்கொண்டோம். மலருக்காகக் குடும்பங்களைச் சந்தித்தபோது இளையவர்கள் பலர் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: “அந்தக் காலத்தில் மேப், ஜிபிஎஸ் எதுவும் இல்லாமல் நாகூரிலிருந்து சிங்கப்பூருக்கு எப்படி வந்தார்கள்?” நல்ல கேள்வி. அதற்குப் பதில் தேடப் போனால் அது ஒரு புத்தகத்தின் கதையில் கொண்டுபோய் விடுகிறது. கடல்வழி சொல்லும் புத்தகம் எப்படி எழுதப்பட்டது, எப்படி அச்சுக் கோக்கப்பட்டது, எப்படித் தைத்து அட்டை போடப்பட்டது, எப்படிக் கப்பலுக்கு வந்து சேர்ந்தது என்ற கதை அது.

அச்சுப் புத்தகம் வருவதற்கு முன்னால் வழி இருந்தது மாலுமியின் நெஞ்சில். நாகூர், நாகப்பட்டினம், காரைக்கால், பரங்கிப்பேட்டை, கீழக்கரை, காயல்பட்டினம் ஆகிய ஊர்களிலிருந்து பாய் விரித்த மரக்கலங்கள் தென்மேற்குக் காற்றைப் பிடித்து வங்கக் கடலைக் கடந்தன. வடகிழக்குக் காற்று எழுந்தபின் திரும்பிப் போயின. காற்றுக்குத் திசைவாரியாகப் பெயர் வைத்திருந்தார்கள்: வாடை, கொண்டல், சோழகம், கச்சான். நக்கவாரத் தீவுகளைக் கண்டால் பாதி வழி தாண்டியாயிற்று. அதற்கப்பால் ஆச்சே முனை தெற்கே. நேர்கிழக்கே போனால் கெடா மலை. இன்று குனோங் ஜெராய் என்று அழைக்கப்படும் அந்த மலை 1,200 மீட்டருக்கு மேல் உயர்ந்து, கரை தெரியுமுன்னே தான் தெரியும். அடிவாரத்துக் கடாரத்துக்குச் சோழர் காலத்திலேயே நம் கரையோர் வந்து போனார்கள் என்றால், அந்த மலையும் ஒரு காரணம்தான் என்பது எங்கள் எண்ணம்.

இரவில் விண்மீன். கையை நீட்டி, தொடுவானத்துக்கும் விண்மீனுக்கும் இடையே எத்தனை விரற்கடை என்று அளப்பார்கள். அரபு மாலுமிகள் அந்த அளவை ‘இஸ்பஉ’ என்றார்கள். விரல் என்றே பொருள். 15 ஆம் நூற்றாண்டின் புகழ்பெற்ற முஅல்லிம் இப்னு மாஜித் தம் கடல்நூல்கள் பலவற்றைச் செய்யுளில் செய்தார். அழகுக்காக மட்டும் அப்படிச் செய்ததாக எங்களுக்குத் தோன்றவில்லை. அலை அடிக்கும் தளத்தில், விளக்கு அணைந்த இருட்டில் ஏடு புரட்ட முடியாது. எதுகை மோனையோடு மனப்பாடம் செய்தது மறக்காது. ஓர் எண்ணை மாற்றிச் சொன்னால் ஓசை தட்டும், உடனே தெரிந்துவிடும். அரபு நூல்களில் மலாக்கா நீரிணையின் அடையாள மலை ஒன்று ‘பாஸலார்’ என்று வருகிறது. போர்த்துக்கீசியரும் ஆங்கிலேயரும் அதையே ‘பார்சலார் மலை’ என்றார்கள். சிலாங்கூர்க் கரையில் இன்று புக்கிட் ஜுக்ரா என்று சொல்லப்படும் குன்று அதுதான். பக்கத்தில் கடலுக்கடியில் மணல்மேடுகள் கிடக்கின்றன. குன்று எந்தத் திசையில் தெரிகிறது என்று பார்த்துக்கொண்டே அந்த மேடுகளுக்கு நடுவே கப்பலை விடவேண்டும். மொழி மாறியது, கொடி மாறியது, குன்று மட்டும் அதே வேலையைச் செய்துகொண்டிருந்தது.

தமிழிலும் கடல் தொழிலுக்கு ஏடு இருந்தது. ‘கப்பல் சாத்திரம்’ என்ற சுவடியைச் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகம் 1950 இல் அச்சிட்டு வெளியிட்டது. கப்பலுக்கு என்ன அளவில் மரம் போடவேண்டும், எந்தக் குறி நன்மை, எந்தக் குறி தீமை என்று அது பேசுகிறது. கட்டும் தச்சனுக்கும் கலத்தின் சொந்தக்காரருக்கும் உதவும் நூல் அது. வழி சொல்லும் கலை வாப்பாவிடமிருந்து மகனுக்கும், மாமாவிடமிருந்து மருமகனுக்கும் வாய்மொழியாகவே போய்க்கொண்டிருந்தது. அச்சுக்கு அது வந்தது வேறொருவர் கையால், வேறொரு மொழியில்.

அவர் பெயர் ஜேம்ஸ் ஹார்ஸ்பர்க். ஸ்காட்லாந்தின் ஃபைஃப் கரையில் ஈலி என்னும் சிற்றூரில் 1762 இல் பிறந்தவர். பதினாறு வயதிலேயே கடலுக்குப் போய்விட்டார். 1786 மே மாதம் ‘அட்லஸ்’ என்ற கப்பலில் முதல் மேட்டாகப் பத்தாவியாவிலிருந்து இலங்கை நோக்கி வரும்போது, டியேகோ கார்சியா தீவில் கப்பல் மோதி உடைந்தது. வரைபடம் தவறாக இருந்ததே காரணம். அதே 1786 ஆகஸ்டில்தான் ஃபிரான்சிஸ் லைட் பினாங்கில் கொடியேற்றினார். இரண்டுக்கும் தொடர்பு ஏதுமில்லை. ஆனால் பினாங்குக்கு வந்துகொண்டிருந்த நம் கரைக் கப்பல்களைப் பற்றி லைட் எழுதும்போது ஆண்டுக்கு 1,300 முதல் 2,000 பேர் வரை சோழமண்டலக் கரையிலிருந்து வந்து, உழைத்துச் சில வெள்ளி சேர்த்துக்கொண்டு திரும்புவதாகக் குறிப்பிடுகிறார். அத்தனை உயிர்கள் போய்வந்த கடலில் வரைபடங்கள் எந்த நிலையில் இருந்தன என்பதை ‘அட்லஸ்’ காட்டிவிட்டது.

கப்பல் உடைந்தபின் ஹார்ஸ்பர்க் ஒரு பழக்கத்தைப் பிடித்துக்கொண்டார். எங்கே போனாலும் ஆழம், நீரோட்டம், காற்று, கரையின் தோற்றம், பாரமானியின் ஏற்ற இறக்கம் எல்லாவற்றையும் அன்றன்றே எழுதி வைத்தார். பம்பாய்க்கும் சீனாவுக்கும் இடையே ஓடிய நாட்டுக் கப்பல்களில் வேலை பார்த்ததால் மலாக்கா நீரிணையையும் சிங்கப்பூர் நீரிணையையும் திரும்பத் திரும்பக் கடந்தார். 1805 இல் இங்கிலாந்து திரும்பியவர் லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமையகத்தில் கிடந்த கப்பல் நாட்குறிப்புகளைப் புரட்ட ஆரம்பித்தார். கம்பெனிக் கப்பல் கப்பித்தான் ஒவ்வொருவரும் பயணம் முடிந்ததும் தம் நாட்குறிப்பை அங்கே ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. அவற்றோடு தம் 21 ஆண்டு அனுபவத்தையும் சேர்த்து அவர் தொகுத்த நூல் 1809 இலும் 1811 இலும் இரண்டு பாகங்களாக வெளிவந்தது. கிழக்கிந்தியா, சீனா, ஆஸ்திரேலியா, நன்னம்பிக்கை முனை ஆகிய இடங்களுக்குப் போய்வரும் வழிகள் என்று நீண்டுகொண்டே போகும் தலைப்பு அதற்கு. பின்னாளில் ‘இந்தியா டைரக்டரி’ என்று சுருங்கியது. 1810 இல் கம்பெனி அவரைத் தன் நீர்ப்பரப்பு வரைவாளராக நியமித்தது.

அந்தப் புத்தகத்தில் கதை கிடையாது, வர்ணனை கிடையாது. கப்பல் போகிற வரிசையிலேயே கரை வருகிறது. இந்த முனையைத் தாண்டியதும் வடக்கே ஒரு குன்று தெரியும், அதை இன்ன திசையில் வைத்துக்கொண்டு போனால் இத்தனை பாகம் ஆழம், அடியில் சேறு, அதைவிட்டு விலகினால் மணல், ஆழம் குறையும், நல்ல தண்ணீர் இந்த ஓடையில் கிடைக்கும், விறகு அந்தத் தீவில் வெட்டலாம். ஒவ்வொரு வரியிலும் ஓர் எண் இருக்கும். அந்த எண் பிழைத்தால் கப்பல் பிழைக்காது.

இப்படிப்பட்ட நூலை அன்று எப்படி அச்சிட்டார்கள்? அச்சகத் தொழிலில் இருந்த சில மூத்த அங்கத்தினர்களோடு பேசியபோது, அவர்கள் இளமையில் பார்த்த கையச்சுக்கும் 1809 இன் லண்டன் அச்சுக்கும் அடிப்படையில் பெரிய வேறுபாடு இல்லை என்பது தெரிந்தது. அச்சுக்கோப்பவர் கையெழுத்துப் படியைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு, பெட்டி அறைகளிலிருந்து ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து, தலைகீழாகவும் இடவலம் மாறியும் ஸ்டிக்கில் அடுக்குவார். வரிகள் சேர்ந்து பக்கமாகும். பக்கங்களை இரும்புச் சட்டத்தில் இறுக்கினால் ஃபாரம். அந்த முதற்பதிப்பு குவார்ட்டோ அளவு. அதாவது, ஒரு தாளை இரண்டு முறை மடித்தால் 4 ஏடு, 8 பக்கம். ஆகவே தாளின் ஒரு முகத்துக்கு 4 பக்கம் கோத்தாகவேண்டும்.

பிறகு புரூஃப். ஒருவர் மூலப்படியை உரக்கப் படிக்க, மற்றவர் அச்சுப்படியில் விரல் வைத்துப் பார்த்து வருவார். கதைப் புத்தகத்தில் ஓர் எழுத்து தவறினால் படிக்கிறவரே திருத்திக்கொள்வார். ‘7 பாகம்’ என்பது ‘1 பாகம்’ ஆகிவிட்டால் யார் திருத்துவது? வடமேற்கு என்பதற்கு ஆங்கிலத்தில் இரண்டே எழுத்து. ஓர் எழுத்து மாறினால் தென்மேற்கு. எங்களைக் கேட்டால், இந்த நூலின் உண்மையான வீரர்களில் பெயர் தெரியாத அந்தப் புரூஃப் வாசகரையும் சேர்க்கவேண்டும்.

அச்சடிப்பதற்கு முதல் நாளே தாளை நனைத்து அடுக்கி வைப்பார்கள். ஈரத் தாளில்தான் மை நன்றாகப் பிடிக்கும். ஓர் இயந்திரத்துக்கு இரண்டு ஆள். ஒருவர் தோல் உருண்டையால் எழுத்தில் மை தட்ட, மற்றவர் தாளை வைத்துக் கைப்பிடியை இழுப்பார். மணிக்கு 250 தாள், அதுவும் ஒரு முகம்தான், நல்ல வேகம் என்று கணக்கு. மறுமுகமும் அடித்து, கொடியில் துணி காயப்போடுவது மாதிரி காயப்போட்டு, அடுக்கி அழுத்துவார்கள்.

இங்கேதான் கடல்வழி நூலுக்கென்று ஒரு சங்கடம். ஒரு தாளின் தேவையான படிகள் அடித்து முடிந்ததும் எழுத்தைக் கலைத்து மறுபடி பெட்டியில் போட்டுவிடுவார்கள். முழுப் புத்தகத்துக்கும் எழுத்தைக் கட்டிவைக்க எந்த அச்சகத்திடமும் அவ்வளவு ஈயம் கிடையாது. ஆகவே நூல் பாதி அச்சான பிறகு, முந்திய பக்கத்தில் சொன்ன மணல்மேடு நகர்ந்துவிட்டது என்று ஒரு கப்பித்தான் வந்து சொன்னால், ஒன்று பிழைத்திருத்தம் சேர்க்கவேண்டும், இல்லாவிட்டால் அடுத்த பதிப்புக்குக் காத்திருக்கவேண்டும். மணல்மேடோ யாருக்கும் காத்திருக்காது. ஹார்ஸ்பர்க் 1836 இல் இறக்கும்வரை நூலைத் திருத்திக்கொண்டே இருந்தார் என்பதில் வியப்பில்லை.

அச்சான தாள்கள் அடுத்து பைண்டரிடம் போகும். தாளின் அடியில் சிறியதாக ஓர் எழுத்து போட்டிருப்பார்கள். அந்த எழுத்து வரிசையைப் பார்த்துத்தான் மடித்த தாள்களை அடுக்குவது. அடுக்கைச் சுத்தியலால் தட்டிச் சமப்படுத்தி, மரச்சட்டத்தில் கட்டிய கயிறுகளின்மேல் ஒவ்வொரு மடிப்பாக வைத்துத் தைப்பார்கள். பிறகு முதுகில் பசை, இரு பக்கமும் கெட்டி அட்டை. அன்றைய வழக்கப்படி புத்தகம் பெரும்பாலும் சாதாரண அட்டையோடுதான் விற்பனைக்கு வரும். தோல் போட்டுக்கொள்வது வாங்குபவர் வசதி. கப்பலுக்குப் போகும் புத்தகத்துக்குத் தையல்தான் உயிர். வெறும் பசையை நம்பியது நம் வெயிலிலும் மழையிலும் பிரிந்துவிடும். பசையைத் தின்ன கரப்பானும் வரும். நம்மூர் பைண்டர்கள் மாவுப் பசையில் மயில்துத்தம் கலப்பது பூச்சிக்காகத்தான். எங்கள் வீடுகளில் இருக்கும் பழைய கிதாபுகள் சில இன்னும் கட்டுக்குலையாமல் இருப்பதற்கு அந்த நீலப் பொடிக்கு நன்றி சொல்லவேண்டும்.

விற்பனை லண்டன் லெடன்ஹால் தெருவில், கம்பெனிக்குப் புத்தகம் விற்கும் கடையில். அங்கிருந்து கப்பித்தானின் பெட்டிக்குள் ஏறி, நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, பம்பாய்க்கோ சென்னைக்கோ கல்கத்தாவுக்கோ பினாங்குக்கோ வந்து சேர நான்கைந்து மாதம் ஆகும். வழி காட்டும் புத்தகமே வழியில் பழசாகிவிடும். கப்பித்தான்மார் ஓரத்தில் மையால் திருத்தம் எழுதிக்கொண்டார்கள். திருத்தம் மண்டிய பிரதிதான் புதுப் பிரதியைவிட மதிப்புள்ளதாக இருந்திருக்கும். 1809 இன் நூலில் சிங்கப்பூர் என்ற பட்டணம் கிடையாது, நீரிணை மட்டும்தான் உண்டு. பட்டணம் 1819 இல் வந்தபிறகு, தாண்டிப் போகவேண்டிய வழியே வந்து சேரவேண்டிய துறையாகிவிட்டது. அந்தத் துறையை நோக்கி நம்மவர்கள் வந்தார்கள். தெலுக் ஆயர் தெருவில், அன்றைக்குக் கடல் அலை வந்து மோதிய கரையில், 1828 க்கும் 1830 க்கும் இடையே நாகூர் தர்காவை எழுப்பினார்கள். ஸபர் நல்லபடியாக முடிந்ததற்கு நன்றி செலுத்துமிடம் கரையோரத்திலேயே அமைந்தது இயல்புதான்.

இனி எங்களை நெடுநேரம் பேசவைத்த விஷயம். அந்த நூலின் எண்கள் யாருடைய எண்கள்? ஆழம் பார்ப்பது கப்பித்தானின் வேலை அல்ல. ஈயக்குண்டின் அடிக்குழியில் கொழுப்பைத் தடவி, கயிற்றில் கட்டி, ஓடும் கப்பலின் முன்பக்கம் நின்று வீசி எறியவேண்டும். கயிறு தளர்ந்ததும் எத்தனை பாகம் என்று உரக்கச் சொல்லவேண்டும். கொழுப்பில் ஒட்டி வருவது மணலா, சேறா, சிப்பியா என்று பார்த்துச் சொல்லவேண்டும். நாட்டுக் கப்பல்களில் இதைச் செய்தவர்கள் லஸ்கர்கள். அவர்களில் குஜராத், கொங்கணக் கரையோர் மிகுதி. எல்லாரும் தமிழர் என்று நாம் சொந்தம் கொண்டாடுவது சரியல்ல. ஆனால் இந்தியப் பெருங்கடல் முழுவதும் முஸ்லிம் கடலோடிகளின் கை அந்தக் கயிற்றில் இருந்தது என்பது உறுதி. அவர்கள் சொல்ல, அதிகாரி எழுத, நாட்குறிப்பு லண்டனுக்குப் போக, அங்கே அது அச்சாகி ஆங்கிலப் புத்தகமாகத் திரும்பி வந்தது. முகப்பில் ஒரு பெயர்தான் இருந்தது.

அளவைப் பாருங்கள். தமிழில் பாகம் என்பது விரித்த இரு கைகளின் நீளம். மலாயில் ‘டெப்பா’ என்பதும் அதுவே. ஆங்கிலேயர் ‘ஃபேதம்’ என்பதும் அதுவே, ஆறு அடி. மூன்று மொழிக்காரரும் கயிற்றை ஒரே மாதிரிதான் கையை விரித்து அளந்திருக்கிறார்கள். கடலில் மொழிபெயர்ப்புக்குத் தேவையே இருந்திருக்காது போலும்.

நம் வழியில் வந்த ஒருவர் கடற்பயணத்தைத் தம் பெயரிலேயே எழுதி, இதே சிங்கப்பூரில் அச்சேற்றினார் என்பது நமக்குப் பெருமை. முன்ஷி அப்துல்லாஹ் மலாக்காவில் பிறந்தவர். அவருடைய முப்பாட்டனார் எமன் தேசத்து அரபு. நாகூருக்கு வந்து அங்கே மணம் முடித்தார். மகன் மலாக்காவுக்கு வந்து பெரியாச்சி என்ற பெண்ணை மணந்தார். பெயரைக் கேட்டாலே ஊர் தெரிகிறது. மலாக்காவில் வசதியுள்ள குடும்பத்துப் பிள்ளைகள் கணக்கு வழக்குக்காகத் தமிழ் படிப்பது அன்றைய வழக்கம், அப்துல்லாஹ்வும் படித்தார். பிறகு மலாக்கா மிஷனரிகளின் அச்சகத்தில் எழுத்துக் கோக்கக் கற்றுக்கொண்டார். எழுதவும் தெரியும், அச்சுத் தொழிலும் தெரியும் என்ற இரட்டைத் தகுதி அன்றைக்கு இந்த வட்டாரத்தில் வெகு சிலருக்கே இருந்தது.

1838 இல் சிங்கப்பூர் வணிகர்களின் சரக்கு கிளந்தானில் நடந்த அரச சண்டையில் மாட்டிக்கொண்டபோது, அங்குள்ளவர்களுக்குக் கவர்னரின் கடிதங்களை எடுத்துக்கொண்டு போன குழுவில் அப்துல்லாஹ்வும் சென்றார். கிழக்குக் கரையோரமாகப் பகாங், திரெங்கானு, கிளந்தான் என்று போன அந்தப் பயணத்தை ‘கிஸா பெலாயாரான் அப்துல்லாஹ்’ என்ற நூலாக எழுதினார். அது அதே ஆண்டு சிங்கப்பூரிலேயே அச்சாகி வெளிவந்தது. ஹார்ஸ்பர்க் நூலைப்போல் ஆழக்கணக்கு சொல்லும் நூல் அல்ல அது. கரையில் இறங்கினால் என்ன விலை, யார் ஆட்சி, மக்கள் எப்படி வாழ்கிறார்கள், எங்கே கடற்கொள்ளையர் அச்சம் என்று சொல்கிறது. வணிகனுக்கு இந்த வழிகாட்டுதலும் ஆழக்கணக்கைப்போலவே தேவைதான். அதைப் படித்த அமெரிக்க மிஷன் அச்சாளர் ஒருவர், இதேபோல உம் வாழ்க்கையையும் எழுதும் என்று தூண்டியதால் பிறந்ததுதான் 1849 இல் சிங்கப்பூரில் வெளியான ‘ஹிக்காயத் அப்துல்லாஹ்’.

அது கல்லச்சு. ஈய எழுத்து கோப்பதற்குப் பதிலாக, நல்ல கையெழுத்துக்காரர் கொழுப்பு மையால் எழுதியதை வழவழப்பான சுண்ணக்கல்லில் ஏற்றுவார்கள். கல்லை நனைத்து மை உருட்டினால் எழுத்தில் மட்டும் மை ஒட்டும், ஈரக்கல்லில் ஒட்டாது. ஜாவி எழுத்தின் வளைவும் இணைப்பும் கெடாமல் வருவதால் மலாய் நூல்களுக்கு இம்முறை வெகுவாகப் பிடித்துப்போயிற்று. 1854 இல் ஹஜ்ஜுக்குக் கப்பலேறிய அப்துல்லாஹ் அந்தப் பயணத்தையும் எழுதிக்கொண்டே போனார். கன்னியாகுமரி முனைக்கருகே பட்ட புயலையும் அதில் எழுதியிருக்கிறார். எழுத்து பாதியில் நின்றுவிட்டது. அந்த ஆண்டே புனித மண்ணில் அவர் காலமானார். விட்டுப்போன அந்தப் பகுதியும் பிறகு இங்கேதான் அச்சாயிற்று.

தமிழ் எழுத்துகளும் இங்கே வந்துவிட்டன. நாகூர் முகம்மது அப்துல்காதிறுப் புலவரின் ‘முனாஜாத்துத் திரட்டு’ 1872 இல் சிங்கப்பூரில் அச்சாயிற்று. 1887 ஜூன் 27 முதல் சி. கு. மகுதூம் சாயபுவின் ‘சிங்கை நேசன்’ தீனோதய இயந்திரசாலையிலிருந்து வாரந்தோறும் வந்தது. ஆங்கில அச்சுப்பெட்டியைவிடத் தமிழ்ப் பெட்டிக்கு அறைகள் பல மடங்கு வேண்டும். கோப்பவருக்குக் கூடுதல் கை, கூடுதல் நேரம். இத்தனைக்கும் நடுவில் வாராவாரம் ஒரு பத்திரிகை நடத்தியவர்களின் உழைப்பை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்!

இதே காலத்தில் சிங்கப்பூர் ஆற்றில் கப்பலுக்கும் கிட்டங்கிக்கும் இடையே சரக்கு ஏற்றி இறக்கிய தொங்கான்களிலும் படகுகளிலும் முதலில் பெரும்பங்கு சூலியாக்களுடையது, அதாவது நம்மவர்களுடையது. 19 ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் அந்தத் தொழில் மெல்ல மெல்லச் சீனர் கைக்கு மாறியது. துறைமுகத்தில் நங்கூரமிட்ட கப்பலுக்குத் தண்ணீரோ அரிசியோ புத்தகமோ, எதுவானாலும் படகில்தான் போயாகவேண்டும். லண்டனில் தைத்த நூலைக் கடைசி அரை மைல் சுமந்தது ஆற்றுப் படகோட்டியின் துடுப்பு.

நீராவிக் கப்பல் வந்ததும் கடல்வழி நூல் தனியார் கையிலிருந்து பிரிட்டிஷ் கடற்படையின் நீர்ப்பரப்பு அலுவலகத்துக்கு மாறியது. 1795 இல் தொடங்கிய அந்த அலுவலகம் ஒவ்வொரு கடலுக்கும் ‘பைலட்’ என்ற பெயரில் நீலத்துணி அட்டை நூல்களை வெளியிட்டது; மலாக்கா நீரிணைக்கும் ஒன்று உண்டு. பழைய சங்கடத்துக்கு அவர்கள் கண்டுபிடித்த வழி எளிமையானது: நூலைத் திரும்ப அச்சிடாமல் திருத்தத்தை மட்டும் அச்சிட்டு அனுப்புவது. மாலுமிகளுக்கான அறிவிப்பு என்று வாரந்தோறும் வரும் தாளிலிருந்து உரிய துண்டை வெட்டி, நூலின் உரிய பக்கத்தில் ஒட்டவேண்டும். துறைமுகத்துக்குத் துறைமுகம் அவற்றை வைத்து விற்கும் முகவர்கள் இருந்தார்கள். கப்பல் சாமான் வியாபாரிகள் மற்றச் சாமான்களோடு சேர்த்துப் படகில் ஏற்றிவிடுவார்கள். கத்தரிக்கோலும் பசையும் இரண்டாம் மேட்டின் மேசையில் நிரந்தரமாக இருந்தன. இரண்டு மூன்று ஆண்டு ஓடிய நூல் ஒட்டிய துண்டுகளால் உப்பிப்போய் மூடவே முடியாமல் நிற்கும் என்று துறைமுகத்தில் வேலை பார்த்த நம் மூத்தவர்கள் சிரித்துக்கொண்டே சொன்னார்கள்.

நம் குடும்பங்களில் மிகப் பலர் ‘ரஜூலா’வில் வந்தவர்கள். 1926 முதல் 1973 வரை சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்குமாக ஓடிய கப்பல். கிட்டத்தட்ட ஒரு வாரப் பயணம். கீழ்த்தளத்தில் பாய் விரித்து, தகரப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்துப் படுத்திருந்த நம் அத்தாமார்களுக்கு, மேலே அதிகாரியின் அறையில் ஒரு நீல அட்டைப் புத்தகம் திறந்திருப்பது தெரிந்திருக்க நியாயமில்லை. அதில் நக்கவாரம், ஆச்சே முனை, கெடா மலை என்று வரிசையாக வந்திருக்கும். அவர்களுடைய பாட்டனார்களின் மாலுமிகள் மனப்பாடம் செய்திருந்த வரிசையும் அதுதான்.

சிங்கப்பூர் நீரிணையின் கிழக்கு வாயிலில், பெட்ரா பிராங்கா என்ற பாறையில், ஹார்ஸ்பர்க் பெயரால் ஒரு கலங்கரை விளக்கம் நிற்கிறது. சீனத் துறைகளின் வணிகர்கள் அவர் நினைவாகப் பணம் திரட்ட ஆரம்பித்து, அரசு நில அளவையர் ஜான் டர்ன்புல் தாம்ஸன் கட்டி, 1851 அக்டோபர் 15 ஆம் தேதி விளக்கேற்றினார்கள். 2008 இல் அந்தப் பாறை யாருக்குச் சொந்தம் என்று அனைத்துலக நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது அப்பெயர் மறுபடி எல்லார் வாயிலும் வந்தது. புத்தகம் எழுதியதற்காக ஒருவருக்குக் கலங்கரை விளக்கம் கட்டியது எங்களுக்கு மிகவும் பிடித்த செய்தி.

இப்போது கப்பல்களில் திரைதான். வரைபடமும் வழிநூலும் மின்வடிவில் வருகின்றன; திருத்தம் ஒட்டப் பசை வேண்டியதில்லை. தாள் வரைபடங்களையே படிப்படியாக நிறுத்தப்போவதாக அந்தப் பழைய பிரிட்டிஷ் அலுவலகம் அறிவித்திருக்கிறது.

அங்கத்தினர் குடும்பங்களிடம் ஒரு வேண்டுகோள். பழைய பெட்டிகளில் கப்பல் டிக்கெட், பயண அனுமதித் தாள், படகுத் தொழில் கணக்கு, அச்சக ரசீது, பாட்டனார் கையால் எழுதிய நோட்டு ஏதாவது இருந்தால், கிழிந்திருந்தாலும் செல்லரித்திருந்தாலும் வீசிவிடாதீர்கள். சங்க அலுவலகத்துக்குக் கொண்டுவாருங்கள். நகல் எடுத்துக்கொண்டு அன்றைக்கே திருப்பித் தருகிறோம். தையல் விட்டுப்போன கிதாபுகளையும் கொண்டுவரலாம். பைண்டிங் தெரிந்த மூத்தவர் இருவர் நம்மோடு இன்னும் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பிறகு அவர்களை அலுவலகத்தில் பார்க்கலாம்.